நாலு மணி ஒழுகல்

ஊரில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவருக்கு ஒழுகல்காரர் என்றே பெயராகிவிட்டது. அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அட்டையை வெளியே எடுக்கும்போதெல்லாம், யாருடையதையோ தவறி எடுத்து வந்துவிட்டோமோ என்று அவரே ஒரு கணம் திகைப்பார்.

இருபத்தாறு வருஷமாக ஒரே தொழில். மொட்டைமாடியில் மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தால் விரிசலைத் தடவி, தரையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, தண்ணீர் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று பிடித்துவிடுவார். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் கணக்கில் தண்ணீர் ஒரு திருடன். கொல்லைப்புறமாக ஏறிக் கூடத்தில் தலை நீட்டுவான். ஆகவே, ஒரே மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, தண்ணீரையும் வானிலையையும் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றபோது, போலீஸ்காரர் வீட்டுப் பெண் திருடனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்ற மாதிரி இருந்தது அவருக்கு.

கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில் ஒரு விருப்பப் பட்டியல் உண்டு. எந்தப் படிப்பு முதலில், எது அடுத்தது என்று வரிசைப்படுத்தி, கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டும். பூட்டியதைத் திறக்க முடியாது. பூட்டுவதற்கான ஆறு இலக்க எண் பெற்றவரின் செல்பேசிக்குத்தான் வரும். படிக்கப்போவது மகள், சாவி இருந்தது அப்பாவின் சட்டைப் பையில். அந்தச் செல்பேசியும் வெறுமனே இருக்காது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரப்பர் பேண்டால் இரண்டு சுற்று சுற்றி வைத்திருப்பார். எந்தக் கூரையையும் நம்பாத மனிதர்.

இந்த இடத்தில் டை மாமாவைச் சொல்லியாக வேண்டும். ஒழுகல்காரரின் மனைவிக்குத் தம்பி. என்ன வெயிலானாலும் கழுத்தில் டை இருக்கும். குளிக்கும்போது கழற்றுவார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை, பார்த்தவர் இல்லை. அவருடைய முகவரி அட்டையில் 'கல்வி வழிகாட்டி, எதிர்கால வடிவமைப்பாளர்' என்று அச்சிட்டிருந்தது. தன்னுடைய எதிர்காலத்தை அவர் இதுவரை நான்கு முறை வடிவமைத்திருந்தார். யார் வந்து எதைக் கேட்டாலும், கண்ணை மூடி, இரண்டு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டு, நீண்ட யோசனைக்குப் பிறகு, கணினி எடுக்கச் சொல்வார்.

மகளின் பட்டியலையும் அவர்தான் நிரப்பினார். முப்பத்திரண்டு இடங்கள். முப்பத்தொன்றில் கணினி, பல்வேறு அடைமொழிகளுடன். முப்பத்திரண்டாவதில் நீர் மற்றும் வானிலை அறிவியல். "பாப்பா ஆசப்பட்டுச்சேன்னு ஒரு மரியாதைக்குக் கடைசில உக்கார வெச்சிருக்கேன் அத்தான்" என்றார். மழையைப் படித்தால் மழை நாளில் மட்டும்தான் வேலை கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு.

மகள் சண்டை போடவில்லை. கடைசி நாள் காலை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், ஒன்றே ஒன்று கேட்டாள். இன்று அந்தத் துறையைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிக்கிறார்கள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எண்ணை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கினால் இவள் முகம் காட்ட மாட்டாள் என்று அப்பாவுக்குத் தெரியும்.

பக்கத்து அறையில் தையல் இயந்திரம் நின்றது. "போய்ப் பாத்துட்டு வந்தா காலு தேஞ்சா போயிடும்?" என்று மனைவியின் குரல் வந்தது. பிறகு இயந்திரம் மறுபடி ஓடியது. தீர்ப்பு வந்துவிட்டது.

கல்லூரியில் கணினித் துறைக்கு நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் திருவிழாக் கூட்டம். நீர்த் துறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் தாண்டி, உடைந்த நாற்காலிகளைத் தாண்டி, தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு பழைய கட்டடம். அதன் நெற்றியில் 'நீர், வளிமண்டலம் மற்றும் புவிசார் ஒருங்கிணைந்த அறிவியல்களின் உயராய்வுத் துறை' என்ற பலகை. சுவர் போதாமல் பலகை இரண்டு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரே பெரிய அறை. எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் என்று ஒழுகல்காரர் கண்ணாலேயே அளந்துவிட்டார். நாற்பது நாற்காலிகள். அப்பா, மகள், மடிக்கணினியோடு கூடவே வந்த டை மாமா; கணினித் துறை என்று நினைத்து வழி தவறி வந்து, எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி. அவ்வளவுதான் கூட்டம்.

அறையின் நடுவே, ஒரு நீல வாளி. சற்று நேரத்துக்கு ஒரு முறை உத்தரத்திலிருந்து அதில் ஒரு சொட்டு விழுந்தது. வாளியின் மேல் அழகாக அச்சிட்ட அட்டை: 'செயற்கை மழைப்பொழிவு – செயல்விளக்க மாதிரி'.

டை மாமா அசந்துபோய்ச் செல்பேசியில் படம் எடுத்தார். "எவ்ளோ தத்ரூபமா பண்ணியிருக்காங்க பாத்தீங்களா அத்தான்?"

ஒழுகல்காரர் அண்ணாந்து பார்த்தார். மூன்று முறை வெள்ளையடித்து மறைத்தும் மறையாத பழுப்புக் கறை, அதன் விளிம்பில் உப்புப் பூத்த வெள்ளை வட்டம். மீசைக்குள் மட்டும் சிரித்தார்.

துறைத் தலைவர் வந்தார். அறுபத்து மூன்று படங்கள் கொண்ட உரை. மனிதன் என்பவன் யார் என்று தொடங்கினார். நீரே மனிதன் என்றார். அண்டம், பிரபஞ்சம், நாகரிகம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உச்சமான இடங்களில் அவர் நிறுத்தி இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் வாளியில் 'டொக்' என்று ஒரு சொட்டு விழும். பிரபஞ்சம் விரிகிறது; டொக். நாகரிகங்கள் மறைகின்றன, டொக். வழி தவறி வந்த தம்பதி அதைப் பேச்சின் பகுதி என்றே நினைத்துத் தலையாட்டினார்கள். நாற்பதாவது படத்தில் தலைவரும் தன்னை மறந்து சொட்டுக்காகக் காத்திருந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

முடிந்ததும் கேள்வி உண்டா என்றார். ஒழுகல்காரர் எழுந்தார்.

"சார், மேல வெள்ளையடிச்சது வீண். உங்க தளத்துல தண்ணி நிக்குது. இது மாதிரி இல்ல சார். அசல்."

தலைவருக்கு இருமல் வந்தது. அது தற்காலிகமான ஏற்பாடு என்றார். விண்ணப்பம் மேலிடத்தில் இருக்கிறது என்றார். எந்த மேலிடம் என்று சொல்லவில்லை. வேறொரு முக்கியமான கூட்டம் இருப்பதாகச் சொல்லித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒழுகல்காரருக்கு அதுவரை அடக்கி வைத்த சிரிப்பு வந்துவிட்டது. மகளைப் பார்த்துச் சொன்னார்: "தலைக்கு மேல நிக்கிற தண்ணிய எறக்கத் தெரியல. இவங்களா கண்ணு உனக்குத் தண்ணியச் சொல்லித்தரப் போறாங்க?"

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சரேலென்று திரும்பி, அறைக் கோடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஏதோ ஒரு கருவியை உற்றுப் பார்க்கப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. காலையில் பார்த்த அதே முதுகு.

டை மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினியைத் திறந்தார். மணி மூன்று பத்து. முப்பத்தொரு கணினிகளும் கடைசியில் ஒரு மரியாதையும் திரையில் வந்து நின்றன. "அமுக்கிட்டேன் அத்தான். நம்பர் வரும், சொல்லுங்க."

சட்டைப் பையில் செல்பேசி அதிர்ந்தது. ஒழுகல்காரர் உறையை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக் கழற்றினார். அப்புறம் கை நின்றுவிட்டது.

காதுதான் காரணம். இருபத்தாறு வருஷக் காது. அறைக்குள் நுழைந்தபோது ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாற்பது எண்ணலாம் என்று அது தன் பாட்டுக்குக் குறித்துவைத்திருந்தது. இப்போது முப்பதுகூடத் தேறவில்லை. வெளியே மழை இல்லை. பதினோரு நாளாக இல்லை. ஒருவரும் மாடி ஏறவில்லை. மாடிக்கு ஏறப் படியே இல்லை.

நாலு மணி ஒழுகல்.

அதை அவர் வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. சில கூரைகள், மழை விட்டு எத்தனையோ நாள் ஆனபின்னும், மத்தியானம் வேகமெடுத்து, நாலு மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறார். முதலில் சொன்னபோது வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்: உங்க தண்ணிக்கு வாட்ச் கட்டியிருக்கா என்றார்கள். வெயிலில் தளம் விரிகிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். மேகம் மூடிய நாளிலும் அப்படியே ஒழுகியபோது அந்தக் காரணமும் ஒழுகிவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு மாடி வீட்டில், அவர் பெரிய தப்பு ஒன்று செய்தார். கீழ்வீட்டுக் கூரை தினமும் நாலு மணிக்கு ஒழுகியது. மேலே ஒரு டீச்சரம்மா தனியாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். ஒழுகல்காரர் மூன்று நாள் கடிகாரம் பார்த்து, கையும் களவுமாகப் பிடித்ததாக நினைத்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: இந்தம்மா வந்ததும் தரையில தண்ணி ஊத்துறாங்க. டீச்சரம்மா குழாயையே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை. தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டாரே. அந்த மாதமே அவர் வீட்டைக் காலி செய்தார். அடுத்த மாதம், பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் கீழே, நாலு மணிக்கு, கூரை ஒழுகியது. கீழ்வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது ஒழுகல்காரர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வந்துவிட்டார்.

அந்தக் கதையை அவர் வீட்டில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார். அவள் இப்போது கோடியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா. இங்க வாங்களேன்."

"அத்தான், நம்பர்" என்றார் டை மாமா.

ஒழுகல்காரர் செல்பேசியைக் கையில் பிடித்தபடியே மகளிடம் போனார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டப்பா அளவு உருளை. அதைச் சுற்றிக் கட்டம் போட்ட காகிதம். மெல்லிய பேனா முனை ஒன்று அதன்மேல் தொட்டும் தொடாமலும் நின்றது. உருளை வாரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும், காற்றின் அழுத்தம் ஏறினால் பேனா ஏறும், இறங்கினால் இறங்கும் என்று பக்கத்தில் நின்ற பெண்மணி சொன்னார். ஆய்வக உதவியாளர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். உரை நடந்தபோது ஒரு மூலையில் நின்று, வாளி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இந்தக் கோட்டைப் பாருங்கப்பா" என்றாள் மகள். "தெனம் ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம். அச்சுல வார்த்த மாதிரி. காலைல பத்து மணிக்கு மேடு. பள்ளம் எப்ப வருதுன்னு நீங்களே பாருங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக் கட்டத்தை எண்ணினார். பள்ளம் நாலு மணியில் இருந்தது. திங்கள் நாலு மணி. செவ்வாய் நாலு மணி. புதன், வியாழன். ஒரு வாரம் முழுக்க, விடியற்காலை ஒரு நாலு மணி, சாயங்காலம் ஒரு நாலு மணி.

அவர் பேனா முனையை விரலால் காட்டினார். "யாரு இதை இழுக்குறது?"

"யாரும் இல்லீங்க" என்றார் உதவியாளர். தலைவரின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மழை அளவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து பின்பக்கமிருந்து திறந்தார். முன்பக்கம் தலைவர் கையெழுத்துப் போடும் பக்கம். பின்பக்கத்தை அவர் திருப்பியதே இல்லை. அங்கே இரண்டு வருஷத்து வாளி இருந்தது. எட்டு மணி, பத்து மணி, ஒரு மணி, நாலு மணி; எத்தனை சொட்டு, எத்தனை நிமிஷம். "ஆராய்ச்சின்னு தப்பா நெனச்சிடாதீங்க. வாளி எப்ப நிரம்பும்னு தெரிஞ்சிக்கத்தான் எழுத ஆரம்பிச்சேன். வழிஞ்சா தொடைக்கிறது நான்தானே? எழுத எழுத ஒரு நாள் இந்தக் கோடும் அந்தக் கணக்கும் ஒண்ணாப் போறது தெரிஞ்சுது. கோடு எறங்கினா சொட்டு ஏறுது."

"வெயில்" என்றார் ஒழுகல்காரர். கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. "வெயிலுக்குத் தளம் விரியும். அதனால இருக்கும்."

உதவியாளர் பதிவேட்டில் ஒரு பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார். வேறொரு கையெழுத்து, கோணல்மாணலாக. வாட்ச்மேனுடையது. பத்து நாள் அவரைக் கெஞ்சி விடியற்காலையில் எண்ண வைத்தாராம். என்ன தப்பு செய்ததற்கு இந்தத் தண்டனை என்று அவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாராம். விடியற்காலை நாலு மணிக்குச் சொட்டு கூடியிருந்தது. சாயங்காலத்தை விடக் குறைவுதான், ஆனால் கூடியிருந்தது. பத்து நாளும்.

விடியற்காலை நாலு மணிக்கு எங்கே வெயில்?

ஒழுகல்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

மகள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் குரலில் இப்போது வேறு ஏதோ இருந்தது. ரகசியம் சொல்கிறவள் மாதிரி தாழ்த்திப் பேசினாள். சூரியன் மேலே இருக்கிற காற்றைச் சூடாக்கும்போது, காற்றுமண்டலம் முழுக்க ஒரு அலை எழும்புகிறது. அந்த அலை சூரியனோடு சேர்ந்து உலகத்தைச் சுற்றி ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒவ்வொரு ஊரையும் இரண்டு முறை கடந்து போகிறது. வெப்ப நாடுகளில் அது பளிச்சென்று தெரியும். அதன் பள்ளம் எந்த ஊருக்கும் அந்த ஊர் நாலு மணிக்கு.

"அலைன்னா? கடல்ல வர்ற மாதிரியா?"

"அதுமாதிரிதான். ஆனா நாம அடியில உக்காந்திருக்கோம்."

தளத்துக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை அவர்தான் சொன்னார், கை தானாகக் காற்றில் கூரையை வரைய. கீழே கான்கிரீட். அதன் மேல் செங்கல் ஜல்லி. அதன் மேல் ஓடு. ஜல்லிக்குள் பழைய தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே பூச்சை அழுத்திப் பூசி அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். அவரே எத்தனை கூரையில் அப்படிப் பூசியிருக்கிறார்!

"அந்தக் காத்துதான்ப்பா" என்றாள் மகள். "வெளிய அழுத்தம் கொறஞ்சா உள்ள மாட்டிக்கிட்ட காத்து உப்பும். உப்பினா?"

"தண்ணிய வெளிய தள்ளும்" என்றார் அவர்.

மகள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஒரு சதுர மீட்டர் இடத்தின்மேல் பத்து டன் காற்று உட்கார்ந்திருக்கிறது. உள்ளேயிருந்தும் அதே அளவு தள்ளுவதால்தான் எதுவும் இடியாமல் நிற்கிறது. இந்தக் கூரை எட்டுக்கு ஆறு. நாற்பத்தெட்டு சதுர மீட்டர். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே மேலிருக்கும் கனத்தில் எவ்வளவு குறைகிறது?

"கிட்டத்தட்ட ரெண்டு டன்" என்றாள்.

இரண்டு டன் என்றால் அவருக்குத் தெரியும். ஒரு சின்ன லாரி மணல். அதை மாடிக்கு ஏற்ற எத்தனை ஆள், எத்தனை நேரம், எத்தனை ஏச்சுப் பேச்சு என்பது தெரியும். தினமும் யாரோ இந்தக் கூரையின் மேலிருந்து ஒரு லாரிச் சுமையைச் சத்தமில்லாமல் இறக்கி, சத்தமில்லாமல் திருப்பி ஏற்றுகிறார்கள். இந்தக் கூரை மட்டுமில்லை. சைக்கிள் கொட்டகை. கண்ணாடிக் கட்டடம். அவர் பூசிய கூரை, பூசாத கூரை, அவர் பிறப்பதற்கு முன்னால் கட்டிய கூரை. இருபத்தாறு வருஷம் கூரைமேலேயே குடியிருந்தார். அதற்கு மேலே ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நிமிர்ந்து பார்த்ததில்லை. எப்போதும் குனிந்தே இருந்துவிட்டார்.

"அத்தான், நம்பர் காலாவதி ஆயிடுச்சு" என்றார் டை மாமா.

"இரு மாப்பிள்ளை."

அவர் எழுந்து வாளியிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகள் எதிரில். உதவியாளர் கடிகாரத்தோடு. மூன்று நாற்பதுக்கு, ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் இருபத்திரண்டு எண்ணினார்கள். மூன்று ஐம்பதுக்குப் பதினேழு. டை மாமா, நேரம் போகிறது என்று சொல்ல வந்து, மூவரும் இப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று குனிந்து, அப்புறம் தானும் டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழி தவறி வந்த தம்பதியும் வந்து நின்றார்கள். மேலே பழுப்புக் கறையின் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, நடுங்கி, விழும். உடனே அடுத்தது திரளும். நாலு மணிக்குப் பதினான்கு.

அந்தப் பெரிய அலை, கடல்களுக்கு மேலும் மலைகளுக்கு மேலும் ஓடி, சொன்ன நேரத்துக்கு வந்து, ஒரு நீல வாளியில் விழுந்துகொண்டிருந்தது. ஒழுகல்காரருக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. இருபத்தாறு வருஷம் திருடன் என்று நினைத்தவன், திருடனே இல்லை. யாரோ சொல்லியனுப்பிய சேதியை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தவன், வாங்கத்தான் ஆளில்லை.

இருபது நிமிஷம் கழித்துச் சொட்டின் வேகம் தணிய ஆரம்பித்தது.

"எறங்கிட்டுது" என்றார் அவர், மெல்ல.

"இல்லப்பா, அழுத்தம் ஏறிட்டுது. அலை மேற்கே போயிட்டுது. இப்ப அங்க யாரு வீட்லயோ ஒழுகும்."

அப்போதுதான் டை மாமாவுக்குச் சுயநினைவு வந்தது. நாலே முக்கால் ஆகப்போகிறது என்று அலறினார். ஒழுகல்காரர் மகளின் பக்கம் மடிக்கணினியை நகர்த்தினார்.

"முப்பத்திரண்டை மேல ஏத்து."

"அத்தான், ஸ்கோப்..." என்று தொடங்கிய டை மாமா, வாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணை மூடி, இரண்டு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டார். நீண்ட யோசனை. "நான்கூட மொதல்லயே அதைத்தான் பட்டியல்ல சேத்தேன்" என்றார்.

மகள் முப்பத்திரண்டை ஒன்றாக்கினாள். பூட்டும் பொத்தானை அமுக்கினாள். செல்பேசி அதிர்ந்தது. ஒழுகல்காரர் ரப்பர் பேண்டின் இரண்டாவது சுற்றையும் கழற்றி, செல்பேசியை உறையிலிருந்து வெளியே எடுத்தார். குடும்பத்தில் அதன் வெறும் உடம்பைப் பார்த்தவர்கள் குறைவு. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திரையில் பூட்டு விழுந்தது. இந்த முறை அவள் முதுகைத் திருப்பவில்லை. கண் கலங்கி, அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

தலைவர் அறைக் கதவு திறந்தது. தொழில் தெரிந்தவர் வந்திருப்பது அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மேலிடத்தை எதிர்பார்க்காமல் துறையே இந்தக் கசிவைச் சரிசெய்யும் எண்ணத்தில் இருப்பதாகவும், நாளைக்கே ஆரம்பிக்க முடியுமா என்றும் கேட்டார்.

தன் வாழ்நாளில் ஒரு கசிவை ஒழுகல்காரர் விட்டுவைத்ததில்லை. அவர் கறையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டை எங்கே இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது: வடகிழக்கு மூலை, கைப்பிடிச் சுவரின் அடி. ஒரு நாள் வேலை.

"முடியாது சார்" என்றார். "என் பொண்ணு படிச்சு முடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

பிறகு உதவியாளரிடம் திரும்பி, மற்றவர்களிடம் பேசாத மரியாதையோடு சொன்னார்: "அம்மா, வாளிய ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளி வைங்க. ஓரத்துல பட்டுச் சிதறுது. கணக்கு தப்பிடும்."

தெருவுக்கு வந்ததும் அவர் நடக்கவில்லை. நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேகம்கூட இல்லாத வெறும் வானம். இப்போது இறங்கிய கனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்து ஊர்மேல் உட்கார்ந்துகொண்டிருக்கும். தோளை ஒரு தரம் சரிசெய்துகொண்டார்.

கையில் செல்பேசி உறையில்லாமல் இருந்தது. அதில் ஒரு பெயரைத் தேடினார். 'மாடி டீச்சர் – எடுக்காதே' என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதிந்துவைத்தது. அழுத்தினார். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்த குரலுக்கு வயதாகியிருந்தது.

"டீச்சரம்மா, ஒழுகல்காரன் பேசுறேன். அந்தத் தண்ணி... அது நீங்க ஊத்தலம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, நிதானமாக, பள்ளிக்கூடத்துக் குரலில் ஒரு கேள்வி வந்தது. "எனக்கு அப்பவே தெரியும். சரி, நான் ஊத்தலைன்னா யாரு ஊத்தினா?"

ஒழுகல்காரர் வானத்தைப் பார்த்தார். செல்பேசியை மகளிடம் நீட்டினார்.

"நீ சொல்லு கண்ணு. நீதானே அதைப் படிக்கப் போறே."